நாலு மணி அடித்தால் இறங்கிவிடுவார்கள்

என் மகள் கீதா மின்சார ரயிலில் கார்டாக வேலை பார்க்கிறாள். இப்போது அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் மாறியதே தவிர உட்காரும் இடம் மாறவில்லை. வண்டியின் கடைசி அறைதான். ஊரே முன்னால் பார்த்துக்கொண்டு போகும்போது, பின்னால் பார்த்துக்கொண்டு போகிற உத்தியோகம். அதே அறையில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. திருவள்ளூர் லைனிலும் கும்மிடிப்பூண்டி லைனிலும் மாறி மாறி ஓடி, ஓய்வு பெற்று, புட்லூரில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். சத்தம் கேட்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான்.

ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்த கீதா, பையைக்கூடக் கீழே வைக்காமல் கூடத்தில் நின்றபடியே சொன்னாள்.

"அப்பா, வண்டிங்கள கொக்கி இல்லாமலே கோக்கப் போறாங்களாம்பா."

"கொக்கி இல்லாம எப்பிடிமா கோக்கறது? நூல் போட்டுக் கட்டுவாங்களா?"

"கிண்டல் பண்ணாத. ரேடியோலயாம். முன்னாடி ஒரு வண்டி, அதும் பின்னாலயே கிட்டத்துல இன்னொரு வண்டி. ரெண்டும் பேசிக்கினே போவுமாம். இருக்கற லைன்லயே இன்னும் நெறைய வண்டி வுடலாமாம். அது நடக்குமா நடக்காதான்னு ஒரு காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாங்கோ. ரிட்டயர் ஆனவங்ககிட்ட கருத்து கேக்கறாங்கோ. உன் நம்பரக் குடுத்துட்டேன்."

"என் நம்பர இன்னாத்துக்குக் குடுத்த?"

அவள் பையை இறக்கி வைத்தாள். குரலும் இறங்கிவிட்டது.

"பின்னாடி வர்ற வண்டி என் மூஞ்சிக்கு நேரா ஓடி வந்துக்கினே இருந்தா, நான் எப்பிடிப்பா அந்த ரூம்ல உக்காந்துக்கினு இருப்பேன்? நீ போய் கேட்டுக்கினு வா. நீ சரின்னு சொன்னா எனக்கு பயம் இல்ல."

பின்னால் வரும் வண்டி நிற்கத் தவறினால் முதலில் நொறுங்குவது கார்டு அறைதான். இத்தனை நாள் அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்தேன், அப்போது பயம் என்பது வேலையோடு சேர்ந்த ஒன்று. இப்போது உட்கார்ந்திருப்பது என் மகள். சரி என்று நான் சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய சுவாரசியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நெல் விவசாயம். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் பரீட்சை எழுதி ரயில்வேக்கு வந்தேன். பயிற்சிப் பள்ளியில் விதிப் புத்தகத்தை உருப்போட்டு, கொடியைப் பிடிக்கவும் விளக்கைக் காட்டவும் கற்றுக்கொண்டு, முதலில் சரக்கு வண்டி கார்டு ஆனேன். எண்ணூர்ப் பக்கம் போகும் நிலக்கரி வண்டிகள். வண்டி கிளம்பினால் முன்னாலிருந்து ஒவ்வொரு கொக்கியாக இழுபட்டு, கடகடவென்று சத்தம் என்னை நோக்கி ஓடி வரும். கடைசி இழுப்பு என் வண்டிக்கு வரும்போது பிடித்துக்கொள்ளாவிட்டால் மூக்கு உடையும். எனக்கு ஒரு தடவை உடைந்தது.

அந்தக் காலத்தில் அத்திப்பட்டுக்கு அருகே ஒரு நாள் நடு வண்டியில் கொக்கி அறுந்துவிட்டது. முன் பாதி தனி, பின் பாதி தனி. கொக்கியோடு சேர்ந்து பிரேக் காற்றுப் போகிற ரப்பர் குழாயும் பிய்ந்தது. குழாய் பிய்ந்து காற்று இறங்கினால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இரண்டு பாதியும் யாரும் தொடாமலே நின்றன. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அத்தனை கனமான இரும்பு, கரும்பை முறித்த மாதிரி கிடந்தது. வண்டியைக் காப்பாற்றியது அந்த இரும்பு இல்லை, ஒரு முழ ரப்பர் குழாய். அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை, டீ குடிக்கப் போய்விட்டேன்.

பிறகு மின்சார ரயிலுக்கு வந்தேன். அதில் வண்டியை ஓட்டுகிற மோட்டார்மேன் ஒரு கோடியில், கார்டு மறு கோடியில். இருவருக்கும் இடையே பேச்சு கிடையாது, மின்சார மணிதான். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் எடு. நாலு மணி அடித்தால், வண்டி இனி நகராது, பின்னால் போய்ப் பாதுகாப்புச் செய் என்று அர்த்தம். நிலையத்தில் ஆள் ஏறி முடித்ததும் நான் முதலில் இரண்டு விசில் ஊதுவேன், அப்புறம் இரண்டு மணி அடிப்பேன். வண்டி கிளம்பும்.

இந்த மணிக் கணக்கு எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கார்டு அறையை ஒட்டிய கடைசிப் பெட்டியில் தினமும் வருகிற சனத்துக்கு அது அ, ஆ மாதிரி பாடம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் சீட்டு ஆடிக்கொண்டும் பூ கட்டிக்கொண்டும் வருவார்கள், காது மட்டும் மணியில் இருக்கும். இரண்டு அடித்தால் படியில் நிற்பவன் உள்ளே வருவான். நாலு அடித்தால் வண்டி இப்போதைக்குப் போகாது என்று தெரிந்து, எல்லோரும் இறங்கி நடையைக் கட்டிவிடுவார்கள். ஷிப்டுக்கு கேட் மூடிவிடுவார்களே, அவர்கள் கவலை அவர்களுக்கு.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் தானியங்கி சிக்னல். முன் வண்டி நின்றால் பின்னால் சிவப்பு விழும். ஆனால் அந்தச் சிவப்பில் பின் வண்டி நின்றே கிடக்க வேண்டும் என்று இல்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, நடக்கிற வேகத்தில், முன் வண்டியின் வால் கண்ணில் படும்வரை ஊர்ந்து வரலாம். இது சனத்துக்குத் தெரியாது. நம் வண்டி நின்றுவிட்டால் இந்தத் தண்டவாளத்தில் வேறு என்ன வரப் போகிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். மணியைப் புரிந்துகொண்ட அளவுக்கு சிக்னலைப் புரிந்துகொள்ளவில்லை.

எங்கள் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ராஜுலு சார் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், ஆரம்பாக்கம். எந்த நிலையத்தில் ஏறுவார் என்று யாருக்கும் தெரியாது. வண்டி நகரும்போது கார்டு அறைக்குள் வந்து நிற்பார். உட்கார மாட்டார். என்னைப் பார்க்கவும் மாட்டார். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, பின் ஜன்னல் வழியாக ஓடுகிற தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கொருக்குப்பேட்டையில் ஏறினால் எண்ணூர்வரை மூச்சு விட மாட்டார். திடீரென்று கேட்பார்.

"நைனா, உன் பின்னாடி இன்னா கீது?"

எனக்கு அடுத்து வருவது எந்த வண்டி, எந்த நிலையத்தைத் தாண்டியிருக்கும், கடைசியாக நாம் கடந்த சிக்னல் என்ன நிறம், எல்லாம் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். அப்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

"'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லாத நைனா. 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணா?"

பெரிய மகான் என்று எண்ணிவிடாதீர்கள். லீவு கேட்டால் சொந்தச் சொத்தைக் கேட்டமாதிரி முகம் போகும். டீயில் சர்க்கரை கம்மி என்றால் நிலையம் அதிரக் கத்துவார். ஒரு வருஷம் போகிக்கு நான் லீவு கேட்டேன். "போகிக்கு லீவா? பழசக் கொளுத்தறதுக்கு ஊட்ல வேற ஆள் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே டியூட்டிக்குப் போனேன்.

போகி அன்று விடியும் நேரத்தில் சென்னையிலிருந்து வடக்கே போனவர்களுக்குத்தான் அந்தப் புகை தெரியும். பழைய பாய், டயர், எல்லாம் எரிந்த புகை பனியோடு கலந்து தரையிலேயே படுத்துக்கிடக்கும். மீஞ்சூர் தாண்டியபோது பக்கத்துத் தண்டவாளமே எனக்குத் தெரியவில்லை. அனுப்பம்பட்டு போகும் வழியில் வண்டி மெல்ல வேகம் குறைந்து, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பிரேக் காற்று எங்கோ கசிந்திருக்கிறது என்று காற்றழுத்த மீட்டரின் முள்ளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

நான் சிவப்பு விளக்கையும் வெடிகளையும் எடுத்தேன். வெடி என்றால் தண்டவாளத்தின் மேல் வைத்துக் கட்டுகிற சின்ன டப்பி. சக்கரம் ஏறினால் வெடிக்கும், சத்தம் கேட்ட மோட்டார்மேன் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். வாக்கி டாக்கி எல்லாம் அப்போது எங்கள் கைக்கு வரவில்லை. எங்களுக்குப் பின்னால் சூலூர்ப்பேட்டை லோக்கல் வருகிறது, மீஞ்சூரை நெருங்கியிருக்கும். இந்தப் புகையில் எங்கள் வால் விளக்கு அதன் மோட்டார்மேன் கண்ணில் படவே படாது.

அறைக் கதவைத் திறந்து கீழே கால் வைத்தால், தண்டவாளம் முழுக்க சனம்.

நாலு மணி அவர்களுக்கும் கேட்டுவிட்டது. கடைசிப் பெட்டி முழுதும் இறங்கி, அதைப் பார்த்து முந்தின பெட்டியும் இறங்கி, எல்லோரும் மீஞ்சூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். மீஞ்சூர் போனால் பஸ் பிடித்துவிடலாம். இரண்டு பக்கமும் முள்ளும் தண்ணீருமாகக் கிடந்ததால் தண்டவாளத்தின் நடுவிலேயே நடந்தார்கள். பின்னால் வண்டி வருகிறது, போய்ப் பாதுகாப்புச் செய் என்று எனக்கு அடித்த மணி, அந்த வண்டிக்கு எதிரிலேயே அவர்களை நடக்க வைத்துவிட்டது.

"யோவ், பின்னாடி வண்டி வருது! ஏறுங்கய்யா மேல!"

ஒருவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். "நம்ம வண்டியே நின்னுக்கினு கீது, இதே லைன்ல இன்னா சார் வரும்?"

அவர்களோடு தனமும் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனியில் பேக்கிங் செய்கிறவள், எங்கள் கடைசிப் பெட்டியின் தலைவி என்றே சொல்லலாம். அவள் குரல் பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். அவளிடமும் ஓடிப் போய்ச் சொன்னேன். "பேஜாரு பண்ணாத சார், லேட்டானா ஆஃப் டே போட்ருவான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவர்கள் என்னைத் தாண்டி முன்னே போய்க்கொண்டே இருந்தார்கள். நான் வெடி வைக்க வேண்டிய தூரம் அவர்களுக்கும் அப்பால். நடுவிலேயே வைக்கலாம் என்றால், வெடித்தால் தகரம் தெறிக்கும், பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. அந்தக் கணத்தில் தூரத்தில் ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக, மெதுவாக. ஊர்ந்து வருகிற வண்டியின் ஹாரன்.

என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. கை தானாக விசிலை எடுத்து வாயில் வைத்தது. இரண்டு விசில் ஊதினேன். தினமும் பிளாட்பாரத்தில் ஊதுகிற அதே விசில்.

நடந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. புகைக்குள்ளிருந்து தனத்தின் குரல் வந்தது.

"ஏய், கார்டு விசில் வுட்டாரு! வண்டிய எடுக்கறாங்கோ! ஓடியாங்கோ, ஓடியாங்கோ!"

எப்படி இறங்கினார்களோ அதைவிட வேகமாகத் திரும்பி ஓடி வந்தார்கள். என் இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தூக்குகள் இடித்துக்கொண்டு போயின. தனம் போகிற போக்கில் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஊதிட்டு இங்க இன்னா பண்ணிக்கினு கீற? வா சார், வண்டி வுட்டுட்டுப் பூடும்!" என்றாள். நீ போம்மா, வர்றேன் என்று கையை உதறிக்கொண்டு நான் எதிர்ப் பக்கம் ஓடினேன். மின்கம்பங்களைப் பார்த்துத் தூரம் கணித்து வெடிகளைக் கட்டினேன், அவசரத்தில் முதல் முடிச்சு விழவில்லை. கட்டிவிட்டு விலகி நின்று விளக்கை ஆட்டினேன்.

புகை முதலில் மஞ்சளானது. பிறகு அதற்குள் ஒரு விளக்கு தெரிந்தது. வெடி வெடித்தது, இன்னொன்றும் வெடித்தது. பிரேக் கிறீச்சிட்டு வண்டி என் அருகே வந்து நின்றது. மோட்டார்மேன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"முன்னாடி வண்டி எவ்ளோ தூரத்துல கீதுபா?"

"வண்டி தூரத்துலதான் சார் இருக்குது. சனம்தான் உங்க எதிர்ல இருந்துச்சு. இப்பதான் ஏத்தி வுட்டேன்."

அவர் சீட்டில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. உயிர் போய்த் திரும்பி வந்த அழுகை அது.

நான் என் வண்டிக்குத் திரும்பியபோது தனம் சண்டைக்குத் தயாராக நின்றாள். "இன்னா சார், நல்லா ஏமாத்திட்ட? வண்டி எங்க சார் போச்சு? நடுவுல எவன் சார் போகிக்கு வெடி வுடறான்?" புகை கொஞ்சம் விலகிக்கொண்டிருந்தது. நான் பின்னால் கையைக் காட்டினேன். சற்று முன் அவர்கள் நடந்த அதே தண்டவாளத்தில் சூலூர்ப்பேட்டை லோக்கல் விளக்கு எரிய நின்றிருந்தது. பெட்டி முழுக்க எட்டிப் பார்த்தது. தனம் தூக்கைத் திறந்து ஒரு இட்லியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நாஷ்டா துன்னுட்டியா சார்?" என்று கேட்டாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பொங்கல். ராஜுலு சார் என்னை அந்த இடத்துக்கே வரச் சொல்லியிருந்தார். பண்டிகைச் சட்டையோடு வந்திருந்தார், நெற்றியில் நாமம்கூடக் கலையவில்லை. நான் இறங்கிய இடத்திலிருந்து வெடி கட்டிய இடம்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். வெடித்த டப்பியின் தகரத் துண்டு ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

"உன் பின்னாடி இன்னா இருந்துச்சு?"

"சனம் சார்."

"சனத்துக்குப் பின்னாடி?"

"சூலூர்ப்பேட்டை லோக்கல் சார்."

"அந்த வண்டிக்காரனுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சு?"

நான் யோசித்தேன். "அவருக்குத் தெரியாது சார்."

"அதான் நைனா, அவனுக்குத் தெரியாது." மீஞ்சூர்ப் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம ரூல் எல்லாம் பாதி வழி வரைக்கும்தான் வருது. பின்னாடி இன்னா கீதுன்னு உனக்குத் தெரியும். முன்னாடி இன்னா கீதுன்னு அவனுக்குச் சொல்றதுக்கு ஒருத்தன் புகையில ஓட வேண்டிதா கீது."

பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டார். வண்டி நகர முடியாமல் நிற்கும்போது கிளம்புகிற விசிலை ஊதியது ஏன்? விதிப்படி அது தவறு, எனக்கும் தெரியும். வேலைக்கே உலை வைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"விசில் ஊதினா வண்டி எடுக்கப் போறோம்னு சனத்துக்குத் தெரியும் சார். அதனாலதான் ஊதினேன். வண்டிய எடுக்கறதுக்கு இல்ல சார், சனத்த எடுக்கறதுக்கு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். "சனத்த எடுக்கறதுக்கா! சரி நைனா, போ, போய் பொங்கல் துன்னு" என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். மேலிடத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு நாலு மணி கேட்ட போதெல்லாம், விளக்கை எடுப்பதற்கு முன் தலையை வெளியே நீட்டி, எவனாவது இறங்கினால் காலை ஒடிப்பேன் என்று கத்திவிட்டுத்தான் போவேன். ஓய்வு பெறும் நாள்வரை அந்த மணிச் சத்தம் எனக்கு ஆகவே இல்லை.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கல்லூரிக்குப் போனேன். வேப்பம்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோ. கம்ப்யூட்டர் அறையில் என்னை உட்கார வைத்த பெண்ணுக்கு நித்யா என்று பெயர், ஆராய்ச்சிக் குழுவில் இருப்பவள். அவளும் வேப்பம்பட்டுதான். "நான் பாதிநாள் ஒத்தக் கால்ல நின்னுக்கினு போறவ சார். வண்டி அதிகமா வரணும்னு எனக்கே ஆசை. அதனாலயே கணக்க ரெண்டு தடவ போட்டுப் பாக்கறேன், ஆசையில தப்பாப் போட்ருவேனோன்னு" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவள் விளக்கிய முறை எளிமையாக இருந்தது. இப்போது பின் வண்டி முன் வண்டியை ஒரு சுவர் மாதிரி நினைத்துக்கொண்டு, முழு வேகத்திலிருந்து நிற்கிற அளவுக்குத் தூரம் விட்டு வருகிறது. ஆனால் முன் வண்டி சுவர் இல்லை. பிரேக் போட்டாலும் கொஞ்சம் உருண்டுதான் நிற்கும். அது பிரேக் போட்ட கணமே பின் வண்டிக்குத் தெரிந்துவிட்டால், பின் வண்டியும் கூடவே பிரேக் போடும், அவ்வளவு தூரம் தேவையில்லை. பேசிக்கொண்டே சைக்கிளில் போகிற இரண்டு பேர் இடித்துக்கொள்வதில்லையே, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

"அப்போ நாளைக்கே வுட்ருவீங்களா?"

"அய்யோ, இல்ல சார்!" என்று சிரித்தாள். எக்ஸ்பிரஸ், வள்ளூருக்குப் போகிற நிலக்கரி வண்டி, லோக்கல் எல்லாம் ஒரே லைனில் கலந்து போகிறவரை முடியாது, ஒவ்வொன்றின் பிரேக்கும் ஒவ்வொரு விதம். ஒரே மாதிரி லோக்கல்களுக்கு நடுவில் முடியும். அதிலும் வண்டி பிரிகிற இடத்தில் தண்டவாளம் மாற நேரம் வேண்டும். இரண்டு வண்டி ஒட்டி வந்தாலும் நிற்க பிளாட்பாரம் ஒன்றுதான் என்றால், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அங்கேயே போய்விடும். "முடியும் சார். ஆனா எல்லா எடத்துலயும் முடியாது, உடனேயும் முடியாது. அப்படித்தான் எழுதப் போறோம்."

எனக்குப் பாதி உயிர் வந்தது. அவசரப்படுகிறவர்கள் இல்லை. மீதியைக் கேட்டேன்.

"ரேடியோ அறுந்துபோச்சுன்னா?"

"அறுந்த உடனே பின் வண்டி தானா பிரேக் போட்டுக்கும். அது நிக்கற அளவுக்கு எடம் எப்பவும் இருக்கணும். அதுக்குக் கீழ கிட்ட போவவே வுட மாட்டோம்."

அத்திப்பட்டில் பார்த்த ரப்பர் குழாய் எனக்கு ஞாபகம் வந்தது. கொக்கி அறுந்தாலும் குழாய் நிறுத்தியது. இங்கே கொக்கியே இல்லை, குழாய் மட்டும்தான். அதை அவளிடம் சொன்னேன், அவள் சத்தம் போட்டுப் பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்ல வைத்தாள்.

பிறகு போகிக் கதையைச் சொன்னேன். முடித்ததும் நித்யா சொன்னாள்.

"சனம் நடுவுல இறங்கறதப் பத்தி நாங்களும் யோசிச்சோம் சார். முன் வண்டில கதவு தொறந்தாலே பின் வண்டிக்கு சேதி போயிடும், நின்னுடும்."

"நம்ம வண்டிக்கு மூடற கதவே கிடையாதேம்மா."

"அதான் சார் மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கோம். முதல்ல கதவு வைங்க, அப்புறம் கோக்கறதப் பத்திப் பேசலாம்னு."

அறையே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் திரையில் இரண்டு சின்ன வண்டிகளை ஓட விட்டாள். முன் வண்டியை மீஞ்சூர் தாண்டி, காற்று இறங்கியது என்று சொல்லித் திடீரென நிறுத்தினாள். புகை என்ற கணக்கையும் போட்டாள். என் கை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. முன் வண்டி நிற்கத் தொடங்கிய அதே கணத்தில் பின் வண்டியும் வேகம் குறைந்தது. ஒரு பெரிய இடைவெளியை விட்டு நின்றது. யாரும் ஓடவில்லை. புகையில் யாரும் விளக்கை ஆட்டவில்லை.

"இதுல நாலு மணி யாரு அடிப்பாங்கம்மா?" என்று கேட்டேன்.

"நாலு மணியா? அது தேவையில்ல சார். வண்டியே வண்டிக்குச் சொல்லிடும்."

"சனத்துக்குக் கேக்குமா?"

அவள் கொஞ்சம் குழம்பினாள். "ரேடியோதானே சார், எப்படிக் கேக்கும்? பின் வண்டிக்கு மட்டும்தான் கேக்கும்."

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். போகி அன்று கட்டிய முடிச்சு ஒன்று இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் இருந்து, அப்போதுதான் அவிழ்ந்தது. பின்னால் இருப்பவனுக்குக் கேட்கும், நடுவில் இருக்கிற சனத்துக்குக் கேட்காது. அன்றைக்கு எல்லாமே நேர்மாறாக இருந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட்டிருந்தாலும், அது அன்று அவர்களைக் காப்பாற்றியிருக்காது. பின்னால் வந்தவருக்குத் தெரியாமல் இருந்ததுதான் எமன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நித்யா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கீதா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், கும்மிடிப்பூண்டி வண்டி. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னாப்பா சொன்னாங்கோ?"

"எழுதறாங்கோ, கணக்குப் போடறாங்கோ. அது வர்றதுக்குள்ள நீ ரிட்டயர் ஆனாலும் ஆயிடுவ. வந்தாலும் பயப்படாத. பின்னாடி வர்றவனுக்கு உன் வண்டி எங்க கீதுன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"எல்லாத்தையும் வண்டியே பண்ணிடும்னா, அப்போ நான் இன்னாத்துக்குப்பா பின்னாடி?"

நான் ஓய்வு பெற்ற அன்று அவளுக்குக் கொடுத்த என் பழைய விசில், அவள் சட்டைப் பையில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன்.

"வண்டிய நிறுத்தறதுக்கு ரேடியோ வந்துடும்மா. சனத்த எடுக்கறதுக்கு இன்னும் எதுவும் வரல."